சுளுக்கு மிதித்த கால்

நான் பிறந்தபோது தலை வரவில்லை, கால்தான் முதலில் வந்ததாம். அதுவும் வலது கால். அம்மா பிழைத்ததே மாதா புண்ணியம் என்பார்கள். அப்படிக் கால் முன்னால் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுச் சுளுக்கு விட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. ராயபுரத்தில் சுளுக்குக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர்கள், தண்டையார்பேட்டை கோடவுனில் மூட்டை அடுக்குகிறவர்கள், காசிமேட்டில் வலை இழுக்கிறவர்கள் என்று எனக்குப் பன்னிரண்டு வயது ஆனதிலிருந்து ஆம்பிளைகள் என் வீட்டு வாசலில் வந்து குப்புறப் படுத்திருக்கிறார்கள். இதை எப்படிச் சொன்னாலும் விகாரமாகத்தான் இருக்கும், அதனால் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

மூன்று நாள் காலை, வெறும் வயிற்றோடு வர வேண்டும். வலது பாதம் மட்டும்தான் படும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து மேலே மேலே வைத்துப் போவேன். சதை எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறதோ அங்கே வந்ததும் கொஞ்சம் அழுத்தி விட்டுவிடுவேன். எவ்வளவு அழுத்துவது என்று யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. பாதத்துக்கே தெரியும். இதற்குக் காசு வாங்கக் கூடாது, வாங்கினால் பலிக்காது என்பதும் வழக்கம். என் கணவர் அந்தோணி ஹார்பரில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவர். கல்யாணமான புதிதில் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு ஆள் கிடப்பதைப் பார்த்துச் சங்கடப்பட்டார். பிறகு தாண்டிப் போகப் பழகிக்கொண்டார்.

தெருவில் எனக்குச் செலின் என்று ஒரு பெயர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கால்காரம்மா என்றால்தான் தெரியும். எனக்கு அதில் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

நாற்பத்து மூன்றாவது வயதில் அந்தக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் சுண்டுவிரல் ஓரம். ஈரத்துணி சுற்றியது மாதிரி ஒரு மந்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றப் போனால் வலது காலில் செருப்பே இல்லை. வழியில் எங்கேயோ விழுந்திருக்கிறது, நான் வெறும் பாதத்தோடு வெயிலில் நடந்து வந்திருக்கிறேன். சூடு தெரியவில்லை. மறுபடியும் போய்த் தேடினேன். கோயில் கேட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். மற்றவளுக்குக் கால் மரத்தால் அது கால் மரத்தது. எனக்கு மரத்தால் தெருவுக்கே செய்தி. அதற்குப் பயந்தேன்.

அப்படி ஐந்தாறு வாரம் போனபிறகு ஒரு காலையில் இப்ராகிம் பாய் வந்தார். கோடவுனில் அரிசி மூட்டை சுமக்கிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அவர் முதுகு என் காலுக்கு வரும். அன்றைக்கும் பாயில் குப்புறப் படுத்தார். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு காலை வைத்தேன். கீழே ஒன்றும் தெரியவில்லை. தலையணை மேல் வைத்தாலாவது மெத்தென்று இருக்கும், அதுகூட இல்லை. தெரிகிறதா பார்ப்போம் என்று இன்னும் கொஞ்சம் ஊன்றினேன். அவர் ஏதோ முனகினார். முடிச்சு விட்டுவிட்டது என்று நினைத்துக் காலை எடுத்தேன்.

பாய் மெதுவாக எழுந்தார், விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சரியாப்பூச்சு தங்கச்சி" என்றார். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. கோடவுனில் பலகையிலிருந்து சறுக்கி விழுந்து விலா எலும்பு விரிசல் விட்டுவிட்டதாம் என்று அந்தோணி வந்து சொன்னார். ஐயோ பாவம் என்றேன். உள்ளே ஒன்று கேட்டது, அதைக் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு யார் வந்தாலும் வீட்டில் விசேஷம், உடம்பு சரியில்லை என்று எதையாவது சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

அடுத்த மூன்று மாதத்தில் மரப்பு ஏறியது. கணுக்கால், முழங்கால், தொடை. பிறகு இடது காலிலும் தொட்டது. மார்புக்குக் கீழே யாரோ துண்டை இறுக்கிக் கட்டியது மாதிரி ஒரு பிடிப்பு. அந்தோணி ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். அவர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி எழுதிக் கொடுத்தார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. ஊசி போட்டுக்கொள்கிறேன், சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இன்னும் மூன்று மாதம் தள்ளினேன்.

கடைசியில் காசிமேட்டில் விழுந்தேன். என் நாத்தனார் பிலோமினா அங்கே ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவள். அவளைப் பார்க்கப் போன இடத்தில் இரண்டு காலும் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு, கூடைகளுக்கு நடுவே சாய்ந்துவிட்டேன். அவள் வந்து தூக்கினாள். எழுந்து நிற்க முடியவில்லை. அதைவிட மோசம், எனக்குத் தெரியாமலே பாவாடை நனைந்திருந்தது. பிலோமினா அதைப் பார்த்தாள். வாளித் தண்ணீரை எடுத்து என் மேலேயும் அவள் மேலேயும் சேர்த்துக் கொட்டினாள். "அய்யே, பேஜாரு புட்ச்ச வாளி, கை வயுக்கிச்சு" என்று சுற்றி நின்றவர்களிடம் சத்தம் போட்டாள். அந்த ஒரு காரியத்துக்காக நான் அவளோடு இருபது வருஷம் போட்ட சண்டையெல்லாம் செல்லாமல் போயிற்று.

பெரிய ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். முதல் நாள் காலை ஏழு மணிக்குப் போனோம், பகல் ஒரு மணிக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட டாக்டர் சின்ன வயசு, மீசைகூடச் சரியாக அடர்த்தியில்லை. ஊசி முனையால் பாதத்திலிருந்து மேலே மேலே குத்திக்கொண்டே வந்தார். "எங்க சுருக்குன்னு இருக்கோ அங்க சொல்லுங்கம்மா" என்றார். பாதம், முழங்கால், தொடை, வயிறு எல்லாம் தாண்டிப் போய் மார்புக்குக் கீழேதான் எனக்குச் சுருக்கென்றது. அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே நான். கீழே இருந்தது யாருடையதோ.

பிறகு பையிலிருந்து சாவியை எடுத்து என் வலது உள்ளங்காலில் கீறினார். கட்டைவிரல் மேலே தூக்கிக்கொண்டது. நான் தூக்கவில்லை, அது தானாகத் தூக்கியது. டாக்டரின் முகம் மாறியதைப் பார்த்தேன். பெரியவர்களுக்குக் கீறினால் விரல் கீழே மடங்க வேண்டுமாம், கைக்குழந்தைகளுக்குத்தான் மேலே போகுமாம். மூளையிலிருந்து முதுகெலும்புக்குள்ளே சுண்டுவிரல் தடிமனில் ஒரு நரம்புக் கயிறு இறங்குகிறது, அதற்குத் தண்டுவடம் என்று பெயர், எங்கேயோ அதை ஏதோ அழுத்துகிறது, அதனால் மேலேயிருந்து போகிற உத்தரவும் கீழேயிருந்து வருகிற சேதியும் நின்றுபோகின்றன என்று சொன்னார். எத்தனை முதுகை மிதித்திருப்பேன். உள்ளே இப்படி ஒரு கயிறு இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

என்ன அழுத்துகிறது, எந்த இடத்தில் என்று பார்க்க இன்னொரு பரிசோதனை. அதற்கு நான்கு நாள் கழித்து முறை வந்தது. இடுப்பில் நீள ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றி இருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, எக்ஸ்ரேயில் தெரிகிற எண்ணெய் மாதிரி ஒரு மருந்தை உள்ளே விடுவார்கள். பிறகு மேசையோடு சேர்த்து ஆளைக் கட்டி, தலை கீழே போகிற மாதிரி மேசையைச் சாய்ப்பார்கள். மருந்து தலைப் பக்கம் ஓடும். தடை இருந்தால் நின்றுவிடும். குப்புறப் படுக்கச் சொன்னார்கள். நான் எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறேன், என்னை யாரும் சொன்னதில்லை. தோள்பட்டையை வாரில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டபோது மாதா, மாதா என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை. "ஸ்டாப்" என்று ஒருவர் சொன்னார். மருந்து நின்றுவிட்டது என்று அதிலிருந்தே புரிந்துகொண்டேன்.

மறுநாள் சின்ன டாக்டர் என்னையும் அந்தோணியையும் உட்கார வைத்துப் படத்தைக் காட்டினார். வெள்ளையாக ஏறி வந்த மருந்து ஒரு இடத்தில் குல்லா போட்டது மாதிரி வளைந்து நின்றிருந்தது. தண்டுவடத்துக்கு மேல் போர்த்தியிருக்கும் உறையிலிருந்து ஒரு கட்டி வளர்ந்து பக்கவாட்டில் அழுத்துகிறது, இந்த மாதிரிக் கட்டி பெரும்பாலும் கெட்டதாக இருக்காது, ஆனால் எடுக்காவிட்டால் இரண்டு காலும் முழுதாகப் போய்விடும் என்றார்.

"வழக்கமா முதுகை ஒரு சாணுக்கு மேல திறப்போம். மூணு நாலு எலும்போட பின்பக்கத்தை முழுசா எடுத்துடுவோம். இப்ப எங்களுக்கு மைக்ராஸ்கோப் வந்திருக்கு. உங்களுக்குக் கட்டி ஒரு பக்கமா இருக்கறதால, அந்தப் பக்கத்து எலும்பை மட்டும் கொஞ்சம் எடுத்து, சின்ன வழியா உள்ள பார்த்து எடுக்கலாம்னு பெரிய டாக்டர் சொல்றார். முதுகு பலம் போகாது. சீக்கிரம் எழுந்திருக்கலாம்."

அந்தோணிக்குத் தொழில் புத்தி. கப்பலின் அறையிலிருந்து சரக்கு எடுக்கிறவர் அல்லவா. "சின்ன ஓட்ட போட்டா அம்மாம் பெரிய கட்டி எப்டி சார் வெளிய வரும்?"

"துண்டு துண்டா எடுப்போம்."

"இதுக்கு மின்ன எத்தினி பேருக்கு இந்த மாரி பண்ணீங்க?"

"இவங்க மூணாவது." டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "முதல் ஆள் நல்லா நடக்கறார். இரண்டாவது ஆள் ரொம்ப லேட்டா வந்துட்டார்."

"நாங்க?" என்றேன் நான்.

அவர் படத்தை உறைக்குள் போட்டார். "கால்ல பலம் வரும்னு நினைக்கிறேன். உணர்ச்சி வருமான்னு சொல்ல முடியாதும்மா. ஒரு ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா தைரியமா சொல்லியிருப்பேன்."

நான் பின்னோக்கி எண்ணினேன். ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் இப்ராகிம் பாய் பாயில் படுத்த அந்தக் காலை. அந்தோணி என் பக்கம் திரும்பி, "நீ எப்போலேர்ந்து தெரியலன்னு சொன்னே?" என்று கேட்டார். அவரிடம் நான் சொல்லியிருந்தது மூன்று மாதம். அன்றைக்கும் அதையே சொன்னேன்.

அறுவைக்கு ஒன்பது நாள் காத்திருந்தேன். தர்ம வார்டு, பில் என்று எதுவும் இல்லை, ஆனால் ரத்தம் மட்டும் நாமே ஆள் கொண்டுவர வேண்டும். ஒரு பாட்டில் அந்தோணி கொடுத்தார். இன்னொன்றுக்கு ஹார்பர் தோஸ்துகளைக் கேட்டார், பாதிப் பேருக்கு ஊசி என்றால் பயம், மீதிப் பேருக்கு வீட்டில் பயம். இப்ராகிம் பாய் தானாக வந்து படுத்துக் கொடுத்துவிட்டு, வார்டு வாசலில் நின்று என்னை எட்டிப் பார்த்தார். கையில் இரண்டு பன். கொஞ்சம் கோணலாக நின்றார். "நல்லாப்பூடும் தங்கச்சி, அல்லா கீறாரு" என்றார். நான் அவர் விலாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அந்தோணி தினமும் ஷிப்ட் முடிந்து வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்காருவார். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, வலது பாதத்தைத் தொட்டுவிட்டு, "இப்ப தெரியுதா?" என்பார். இல்லை என்பேன். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?" இல்லை. ஒரு நாள் லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும், "ஏதோ தெரியற மாரி கீது" என்று சொல்லிவிட்டேன். மனுஷன் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டார். நர்ஸ் வந்து ஊசியால் குத்திப் பார்த்து ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனாள். ஏன் அந்தப் பொய்யைச் சொன்னோம் என்று எனக்கு அழுகை வந்தது.

பிலோமினா மதியம் ஏலம் முடிந்து வருவாள். வார்டில் எல்லோரும் மூக்கைச் சுளிப்பார்கள். அவள் கவலைப்படமாட்டாள். சுறாப்புட்டு கொண்டுவந்து ஊட்டிவிட்டு, என் கீழ்த்துணியை மாற்றி, ஒரு மணி நேரம் ஊர் நியாயம் பேசிவிட்டுப் போவாள். ஒருநாள் நான், "எனக்குப் பயமா கீது பிலோ, நான் எய்ந்துக்க மாட்டேன்" என்றேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "எனக்குந்தான் பயமா கீது. தின்னு" என்றாள்.

அறுவைக்கு முந்தின நாள் முதுகில் ஊதா மருந்தால் ஒரு குறி வைத்தார்கள். மறுநாள் காலையில் தள்ளிக்கொண்டு போனார்கள். மயக்க மருந்து கொடுக்கிறவர் எண்ணச் சொன்னார். ஆறுக்கு மேல் போனதாக நினைவில்லை. விழித்தபோது முதுகில் நெருப்பு வைத்த மாதிரி வலி. கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தேடினேன். ஒன்றும் இல்லை. கட்டி முழுதாக வந்துவிட்டது, கெட்டது இல்லை என்று பிறகு சின்ன டாக்டர் சொன்னார். வெட்டு மூன்று விரல் நீளம்தான். அதைப் பார்க்க வேறு வார்டு டாக்டர்கள்கூட வந்தார்கள். என் முதுகைத் திருப்பிக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள் இடது கால் விரல் அசைந்தது. எட்டாம் நாள் வலது முழங்கால் மடங்கியது. மூன்று வாரத்தில் இரண்டு பேர் பிடிக்க நின்றேன். சிறுநீர்த் தொல்லை மெல்லக் குறைந்தது. மார்பு இறுக்கம் விட்டது. மரப்பு மேலேயிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்தது. வயிறு என்னுடையதாயிற்று, தொடை என்னுடையதாயிற்று, இடது பாதம்கூட வந்துவிட்டது. வலது கணுக்காலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இன்றுவரை வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "இனிமே காலைப் பார்த்துப் பார்த்துத்தாம்மா வைக்கணும்" என்றார்.

அவர் சொன்னது அப்படியே. குனிந்து பாதத்தைப் பார்த்தால்தான் அது தரையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் சாய்ந்துவிடுவேன். கோயிலில் எல்லோரும் கண்ணை மூடி நிற்கும்போது நான் மட்டும் முழித்துக்கொண்டு தரையைப் பார்க்கிறேன். ஆம்பிளைகள் இன்னும் வருகிறார்கள். "சும்மா வெச்சா போதும் கால்காரம்மா" என்கிறார்கள். முடியாது என்கிறேன். கோபித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

வீட்டுக்கு வந்து நான்கு மாதம் இருக்கும், இப்ராகிம் பாய் வந்தார். மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு அதே கோடவுனில் வாட்ச்மேனாக இருக்கிறார். அந்தோணி வேலைக்குப் போயிருந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். அவர் பாதி குடித்தபிறகு, இனியும் தாங்காது என்று கேட்டே விட்டேன்.

"பாய், உங்க விலா பலகைலேர்ந்து வியுந்து போனதா?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "அத்த வுடு தங்கச்சி."

"எனக்கு அன்னிக்குக் காலு தெரியல பாய். உங்க மேல வெச்சதே எனக்குத் தெரியல."

"தெரியும்" என்றார். "போதும் எடுன்னு ரெண்டு வாட்டி சொன்னேன். நீ எடுக்கல. திரும்பிப் பாத்தா உன் மூஞ்சி இன்னாவோ மாரி இருந்துச்சு. காலத் தேடிகினு இருந்தே. அப்பவே எனக்குத் தெரிஞ்சிபூச்சு."

"அப்ப ஏன் சொல்லல? அவருகிட்டயாவது சொல்லிருக்கலாமே."

"எப்டிச் சொல்றது? கால்காரம்மா மிதிச்சு எலும்பு வுட்டுச்சுன்னு சொன்னா அப்பால யாரு வருவா உன் வூட்டுக்கு? உன் பேரு கெட்டுப்பூடாது? என் வூட்டுல கூட பலகைன்னுதான் சொன்னேன். முப்பது வருசமா நம்ம ஆளுங்க முதுகப் பாத்துகினு கீறே. நான் ஒருத்தன் கெடுக்கலாமா?"

அன்றைக்கு அவர் வாசலில் நின்று ஒரு கூச்சல் போட்டிருந்தால் போதும். அந்தோணி ஓடிவந்திருப்பார். என்னை அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பார். டாக்டர் சொன்ன அந்த ஆறு மாதம் கையில் இருந்திருக்கும். நான் என் பெயருக்காக மறைத்தேன். அவரும் என் பெயருக்காகவே மறைத்தார், எலும்பை உடைத்துக்கொண்டு. யார் மேல் கோபப்படுவது?

அவர் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "டாக்டரு இன்னா சொன்னாரு தங்கச்சி? மின்னாடியே வந்திருந்தா இது சரியாயிருக்குமா?"

"எப்ப வந்திருந்தாலும் இம்மாந்தான்னு சொன்னாரு பாய்."

அவர் மூச்சை விட்டார். மீதி டீயைக் குடித்தார். அந்த முகம் தெளிந்ததை நான் பார்த்தேன், அதுவே போதும் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. உடம்பில் ஒரு இடம் உங்களுக்குத் தெரியாமல் போனால், அது யார் பெயரைக் கெடுத்தாலும் சரி, வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. அதற்கு நடந்ததை முழுதாகச் சொல்லியாக வேண்டும். வாயால் சொன்னால் அது இப்ராகிம் பாய் காதுக்குப் போய்விடும், அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இதை எழுதினேன்.